வெள்ளைக்குக் கீழே சிவப்பு

பைனாகுலரைத் தம்பி முதலில் தலைகீழாகத்தான் பிடித்தான். கடல் எங்கேயோ ஓடிப்போய் ஒரு சொட்டாக நின்றது. ஒன்றுமே தெரியவில்லையே என்றான். கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த அக்கா, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, சிரிக்கப் போய் இருமினாள்.

"சின்னக் கண்ணை உன் பக்கம் வைடா. பஸ்ஸையும் இப்பிடித்தான் ஓட்டுறியா?"

திருப்பிப் பிடித்தான். இப்போது கடல் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதில் படகுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. நகரத்துப் போக்குவரத்து நெரிசலில் வாழ்நாளைக் கழித்த பஸ் டிரைவருக்கு எல்லாப் படகும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. அத்தானின் நீலப் படகைத் தேடு என்றாள் அக்கா. எல்லாமே நீலமாக இருக்கிறதே என்றான். மாடி ஜன்னலுக்கு நேரே கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு பாலம் தெரியும், அதிலிருந்து இடது பக்கம் வா, தனியாக நிற்பதுதான் என்றாள். அவளுக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, மனப்பாடம். ஆனாலும் நேற்றுவரை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று காலையிலிருந்துதான் கண் மங்கிவிட்டது. எதிரே நிற்கிற தம்பியின் மீசை மட்டும் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிகிறது என்றாள். அவன் மீசை அப்படிப்பட்ட மீசைதான். டிப்போவில் அதற்குத் தனி மரியாதை உண்டு.

மதியம் வந்த நர்ஸம்மா அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டுப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் மெதுவாகச் சொன்னாள், சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுங்கள், ராத்திரி தாங்காது என்று. திரும்பி வந்தவனிடம், "என்ன, நாள் குறிச்சிட்டாளா?" என்று கேட்டாள் அக்கா. அவளிடம் எதை மறைக்க முடியும்? காது அப்படிக் கூர்மை.

அக்காவின் மகளுக்குச் சொல்லியாகிவிட்டது. அவள் ரயில் ஏறிவிட்டாள், விடிந்தால் வந்துவிடுவாள். பாக்கி அத்தான்தான். அத்தானின் போன் சமையலறை மேடையில் சார்ஜரில் சொகுசாகக் கிடந்தது. உப்புக் காற்றில் கெட்டுப்போகுமாம், கடலுக்குக் கொண்டுபோக மாட்டார். மீன்பிடித் துறைமுக ஆபீசுக்குத் தம்பி ஓடினான். அங்கே வயர்லெஸ்காரர் படகைக் கூப்பிட்டு, நிலைமை மோசம், உடனே வாங்க என்று சொன்னார். கொரகொரவென்ற சத்தத்துக்கு நடுவே அத்தானின் குரல் வந்தது. "வலை கீழ இருக்கு. பாத்துட்டு வர்றேன்." அவ்வளவுதான். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் அந்தப் பக்கம் ஆளில்லை.

அவன் மாடி ஏறி வந்து வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள், "வலை கீழ இருக்குன்னாரா?"

அவன் பைனாகுலரைக் கையில் எடுத்தான். அக்காவுக்கு அதுவே போதும்.

அந்த வாக்கியத்தோடுதான் அவள் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் போனது, வலை கீழே இருந்தது. அப்பா செத்தபோது சொல்லி அனுப்பினார்கள், அப்போதும் வலை கீழேதான் இருந்தது. அத்தான் வராமல் இருந்ததில்லை. எல்லாவற்றுக்கும் வந்தார். வலையை மேலே எடுத்து, மீனைப் பிரித்து, ஐஸ் போட்டு, படகைக் கட்டிவிட்டு வந்தார். குழந்தை ஒரு தூக்கம் தூங்கி எழுந்த பிறகு வந்தார். மாமனாரைத் தூக்கிக்கொண்டு போன தெருமுனையில் மூச்சிரைக்க வந்து தோள் கொடுத்தார். கயிற்றை வெட்டி விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று அக்கா ஒருமுறை கேட்டதற்கு, வலையை வெட்டுறதா என்று அவர் பார்த்த பார்வை, கையை வெட்டிக்கொள்ளச் சொன்னது போல இருந்ததாம்.

அதற்காக அத்தானைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அக்கா படுத்த நாளிலிருந்து அவர் தூரக் கடலுக்குப் போவதில்லை. ஜன்னலுக்குத் தெரிகிற இடத்திலேயே வலை இழுத்துக்கொண்டிருந்தார். அங்கே என்ன மீன் கிடைக்கும்? குப்பைமீனும் பிளாஸ்டிக் பையும்தான். துறைமுகத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"கம்பத்துல என்ன தொங்குது, சொல்லு" என்றாள் அக்கா.

தம்பி பார்த்தான். கறுப்பாக ரெண்டு புனல், மூக்கும் மூக்கும் ஒட்டினாற்போல, ஒன்றின் தலையில் ஒன்று தொங்குகிறது என்றான்.

"அதான். மீன் பிடிச்சிட்டிருக்கேன், கிட்ட வராதேன்னு அர்த்தம்."

"மத்த படகுக்குச் சொல்றாரா?"

"எனக்குந்தான். கட்டிக்கிட்ட நாள்லேருந்து சொல்லிட்டிருக்காரு."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். சாகக் கிடக்கிறவள் அறையில் இப்படிச் சிரிக்கலாமா என்று தம்பிக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு, சிரிக்காமல் என்ன செய்வது என்றும் தோன்றியது.

கடலில் நிற்கிற ஒவ்வொரு படகும் தான் என்ன வேலையில் இருக்கிறது என்பதை ஊருக்குக் காட்ட வேண்டும், பகலில் கறுப்பு உருவங்களால், இருட்டினால் விளக்குகளால். சட்டம் அப்படி. யார் மதிக்கிறார்கள்? முக்கால்வாசிப் பேர் இஷ்டத்துக்கு எதையாவது எரியவிடுவார்கள், கரையில் கட்டிய பிறகும் அணைக்க மாட்டார்கள். வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு நேராகப் போகிறவனைப் போல என்று தம்பிக்குப் புரிந்தது. அத்தான் அந்த ரகம் இல்லை. வேலை மாறினால் விளக்கு மாறும். பக்கத்தில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் மாறும். துறைமுகத்தில் அவருக்கு விளக்கு என்றே பட்டப்பெயர். வீட்டில் வாய் திறக்காத மனிதர், கம்பத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிடுவார். அக்கா அதைப் பார்த்துத்தான் உலை வைப்பாள், வெந்நீர் போடுவாள், கோபித்துக்கொள்வாள். அவர் விளக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்பாள்.

"டேய், ஒரு பந்தயம்" என்றாள் திடீரென்று. குரல் சிறுவயதில் கேட்டது போலவே இருந்தது. "இன்னிக்கு எனக்காக வலையை வெட்டுவாரா, மாட்டாரா? நான் மாட்டாருங்கிறேன்."

"வெட்டுவாரு" என்றான் தம்பி. வேறு என்ன சொல்வான்?

"வெட்டலேன்னா?"

"மீசையை எடுத்துடுறேன்."

அக்காவின் மங்கின கண் அகலமாகத் திறந்தது. அந்த மீசைக்காக அவன் பெண் பார்த்த இடத்தில் ஒரு சம்பந்தத்தையே விட்டவன். சரி, ஒத்துக்கொண்டேன் என்று கையை நீட்டினாள். கை ஜில்லென்று இருந்தது. அவன் அதைக் கொஞ்சநேரம் விடாமல் வைத்திருந்தான்.

வெளிச்சம் இறங்க ஆரம்பித்தது. புனல்கள் கீழே வந்தன. அந்த இடத்தில் விளக்குகள் முளைத்தன. மேலே பச்சை, கீழே வெள்ளை என்று தம்பி கத்தினான். பச்சை என்றால் போகலாம்தானே, கிளம்பிவிட்டாரோ என்றும் சேர்த்துக்கொண்டான். அக்கா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பச்சைக்குக் கீழே வெள்ளை என்றால் வலையைக் கடலடியில் போட்டு இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அதை எப்போது மேலே தூக்க ஆரம்பிக்கிறாரோ அப்போது வெள்ளைக்குக் கீழே சிவப்பு வரும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

"வெள்ளைக்குக் கீழ சிவப்பு வந்துச்சுன்னா வலையைத் தூக்குறாரு. முழுசாத் தூக்கி, அலசி, அடுக்கி வைக்கிறவரைக்கும் அந்தச் சிவப்பு போகாது. அது வந்தா பந்தயம் எனக்கு."

வராதே, வராதே என்று தம்பி மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கண்ணைப் பைனாகுலரில் ஒட்டவைத்துக்கொண்டான். கிரிக்கெட்டில் கடைசி ஓவருக்குக்கூட அவன் இப்படி நின்றதில்லை.

வந்தது. ஆனால் வெள்ளை சிவப்பு இல்லை. ரெண்டு சிவப்பு, ஒன்றின்மேல் ஒன்றாக. அவன் சொன்னதும் அக்காவின் முகம் சட்டென்று மாறிவிட்டது. எழுந்து உட்காரப் பார்த்தாள். முடியவில்லை.

"மேல பச்சை வெள்ளை இருக்கா? சீக்கிரம் சொல்லு. பச்சை வெள்ளை இருக்கா இல்லையா?"

சிவப்பு மட்டும் தனியாக இருந்தால் படகு பிடியில் இல்லை என்று அர்த்தம், இன்ஜினோ சுக்கானோ போய்விட்டது என்று அர்த்தம். இதை அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லி முடிப்பதற்குள், தம்பி பைனாகுலரை அசைத்துவிட, படகு வட்டத்தைவிட்டு ஓடிவிட்டது. பாலம் தெரிந்தது, யாருடைய படகோ தெரிந்தது, வெறும் தண்ணீர் தெரிந்தது. மறுபடி பிடித்தான். பச்சை இருந்தது. வெள்ளையும் இருந்தது. அதற்குக் கீழேதான் ரெண்டு சிவப்பும்.

"இருக்குக்கா, எல்லாம் இருக்கு."

அக்கா தலையணையில் விழுந்தாள். போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப வலை மாட்டிக்கிச்சு" என்றாள். ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசித்தாள். பிறகு அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், தம்பிக்கு அது ஏன் என்றே விளங்கவில்லை. அந்த இடத்தில் ஒரு பழைய படகு மூழ்கிக் கிடக்கிறது, அது அத்தானுக்கு அத்துப்படி, எப்போதும் சுற்றித்தான் போவார், சுற்றாமல் குறுக்கே வந்திருக்கிறார் என்றாள்.

"வீட்டுப் பக்கமா திருப்பியிருக்காருடா. அவசரத்துல திருப்பியிருக்காரு. அவருக்கு அவசரம்!"

அந்த அவசரம் என்ற வார்த்தையை அவள் ரெண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். புதுப் புடவையைத் தடவிப் பார்ப்பது போல.

ஆனால் மாட்டின வலையை எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. முன்னே போகணும், பின்னே வரணும், அந்தப் பக்கம் இழுக்கணும், இந்தப் பக்கம் இழுக்கணும், விடிந்தாலும் விடியும். இல்லையென்றால் வெட்டணும். அதற்கென்றே ஒரு கோடாலி, படகு ஓட்டுகிற அறைக்கு வெளியே மாட்டியிருக்கும். வருஷா வருஷம் படகுக்குச் சாயம் அடிக்கும்போது கோடாலிக்கும் சேர்த்து அடித்து அடித்து, அது சுவரோடு ஒட்டிப்போய்விட்டது என்று சொல்லிச் சிரித்தாள். உன் மீசைக்கு இன்னிக்குக் காரியம்தான் என்றாள்.

அப்புறம் பேச்சு குறைந்தது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி விழ ஆரம்பித்தது. தம்பி ஒரு காதை அதில் வைத்துக்கொண்டு கண்ணைக் கடலில் வைத்திருந்தான். வெட்டுங்க அத்தான், வெட்டித் தொலைங்க என்று அவன் உதடு அவனை அறியாமல் அசைந்தது. தன் வாழ்நாளில் எந்த மனிதரிடமும் அவன் எதையும் இப்படிக் கெஞ்சியதில்லை.

ரெண்டு சிவப்பும் அணைந்தன.

"சிவப்பு போச்சுக்கா!"

"பச்சை?"

"அதுவும்... அதுவும் போச்சு."

"வெள்ளைக்குக் கீழ சிவப்பு போட்டாரா? நல்லாப் பாரு."

பார்த்தான். கம்பத்தின் உச்சியில் ஒற்றை வெள்ளை, எல்லாப் படகிலும் எரிகிற சாதாரண வெள்ளை. கீழே இருட்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். இல்லை என்றான். இன்னும் பார் என்றாள். இன்னும் பார்த்தான், வரவே இல்லை.

"சத்தியமா இல்லக்கா."

அவன் திரும்பிப் பார்த்தான். அக்காவின் கண்ணோரம் தண்ணீர் காதுப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. வாய் மட்டும் சிரித்தது.

"வெட்டிட்டாருடா" என்றாள். "வலையைத் தூக்கலை. வெட்டிட்டாரு."

உன் மீசை தப்பித்தது, போ என்றாள். பிறகு வரிசையாக உத்தரவுகள் வந்தன. பக்க விளக்கைப் பார், ஒன்று தெரிகிறதா ரெண்டு தெரிகிறதா? சிவப்பு மட்டும் தெரிகிறது என்றான். அப்போ இன்னும் திரும்பவில்லை, விலா தெரிகிறது, கொஞ்சம் பொறு. இப்போது? இப்போது இடது பக்கம் பச்சை, வலது பக்கம் சிவப்பு, ரெண்டும் தெரிகிறது.

"ரெண்டும் தெரிஞ்சா மூஞ்சி நம்ம பக்கம். நேரா வர்றாரு. போ, போய் உலையை வை. பசியோட வருவாரு."

அவன் சமையலறைக்கு ஓடிப் பானையில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தான். அரிசி எங்கே என்று தெரியவில்லை, கேட்டுக்கொள்ளலாம் என்று மேலே ஓடிவந்து, நேராகப் போய்ப் பைனாகுலரை எடுத்துக்கொண்டான். பச்சையும் சிவப்பும் பெரிதாகியிருந்தன. என்ன வேகம்! "வந்துட்டாருக்கா, மத்த படகெல்லாம் ஒதுங்குது. பச்சை சிவப்பு ரெண்டும் அப்பிடியே இருக்கு, ஆடாம அசையாம வருது. உப்புத் தண்ணிய எப்பிடி வாரி அடிக்குது பாரு. பாலம் தாண்டிட்டாரு. அவரோட படகுல போற ஒல்லிப்பய கயிறோட முன்னாடி நிக்கிறான். அரிசி எந்த டப்பாவுலக்கா?"

பதில் வரவில்லை. கீழே தண்ணீர் கொதிக்கிற சத்தம் வந்தது. அவன் உடனே திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்துச் சொன்னான், படகு கரையில் முட்டிவிட்டது என்று, அத்தான் குதித்துவிட்டார் என்று. பிறகுதான் திரும்பினான். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, அதே சிரிப்போடு இருந்தாள். நெஞ்சு அசையவில்லை.

அத்தான் படியேறி வந்தது தெருவுக்கே கேட்டிருக்கும். ரப்பர் பூட்ஸோடு, மஞ்சள் எண்ணெய்த்துணிக் கோட்டோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் நின்றார். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது அவருக்கு.

"ரொம்ப நேரமாச்சா?"

"இப்பதான் அத்தான்." தம்பி அவர் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டான். அவருக்கு இதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று தவித்தான். "சந்தோஷமாப் போனாங்க. நீங்க வலையை வெட்டிட்டு வர்றதைப் பாத்தோம்."

அத்தான் அவனையே பார்த்தார். "வெட்டலையே" என்றார். "வலை படகுல இருக்கு."

"அப்ப வெள்ளைக்குக் கீழ சிவப்பு? அது வரவே இல்லையே. தூக்குறப்ப போடுவீங்களே?"

அத்தான் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, எங்கேயோ வைத்த பொருளைத் தேடுவது போல யோசித்தார். "போடலையா நான்?" என்று கேட்டார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, அக்காவின் மூக்கிலிருந்த குழாயை மெல்ல எடுத்தார்.

தம்பி சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்தான். பானையில் பாதித் தண்ணீர் வற்றியிருந்தது. அவனுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு நாளும் பொய் சொல்லாத விளக்கு, இன்றைக்குப் பார்த்தா பொய் சொல்ல வேண்டும்? அதை நம்பி அல்லவா அவள் போனாள்! ஏமாந்துதான் போனாள். நல்லவேளை ஏமாந்தாள் என்றும் அடுத்த நிமிஷமே நினைத்தான். ரெண்டு நினைப்புக்கும் நடுவே இரவு போயிற்று.

விடிந்ததும் மகள் வந்து விழுந்து அழுதாள். தெருவில் நாற்காலிகள் போட்டார்கள். அத்தான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை, பூட்ஸைக்கூட யாரோதான் கழற்றினார்கள். தம்பி புழக்கடைக் குழாயடிக்குப் போய், சுவரில் ஒரு கண்ணாடியைச் சாய்த்துவைத்து, முகத்தில் சோப்பு நுரையைத் தடவினான். பந்தயம் பந்தயம்தான். வலை முழுசாகக் கரைக்கு வந்திருக்கிறது, தோற்றது அவன். அக்கா போய்விட்டாள் என்பதற்காகக் கணக்கை மாற்றிவிட முடியுமா? மேலுதட்டில் கெட்டியாக நுரையைப் பூசிக் கத்தியை எடுத்தபோது, படகில் அத்தானோடு போகிற ஒல்லி வேலிப் பக்கம் வந்து நின்றான்.

அண்ணனிடம் இப்போது கேட்க முடியாது, நீங்கள் ஒரு எட்டு வந்து பார்க்க வேண்டும் என்றான். நேற்று வந்த அவசரத்தில் வலையை அப்படியே தூக்கித் தொங்கவிட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார்களாம். அது தொங்குகிற கயிறு எந்த நேரமும் அறுந்துவிடும் போல இருக்கிறது, கீழே ஆள் நடமாட்டம், இறக்கிவிடட்டுமா என்று கேட்டான். தம்பி முகத்து நுரையோடு, தோளில் துண்டோடு அவன் பின்னால் நடந்தான். துறைமுகத்தில் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

வலை படகின் பின்பக்கம் ஈரமாகத் தொங்கியது, ஒரு கண்கூடக் கிழியாமல். அதைப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒல்லி கயிற்றைக் காட்டினான். மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். அதில் ஒரு இடத்தில் பாதிக்கு மேல் வெட்டுப்பட்டு, உள்ளே இருந்த புரிகள் வெள்ளை வெளேரென்று விரிந்து நின்றன. மீதிப் பாதிதான் மொத்த வலையையும் தாங்கிக்கொண்டிருந்தது.

"இது எப்பிடி?" என்றான் தம்பி.

ஒல்லி குரலைத் தாழ்த்தினான். "அண்ணன் கோடாலியால போட்ட போடுங்க. வெட்டிக்கிட்டிருக்கும்போதே வலை அதுவா விட்டுடுச்சு. விட்டுடுச்சு, விட்டுடுச்சுன்னு நான் கத்துறேன், அவரு காதுலயே விழல. கோடாலியை ஓங்கிட்டாரு. நான்தான் கையைப் பிடிச்சு நிறுத்தினேன். வலை மாட்டின விளக்கையெல்லாம் அணைச்சுட்டு, தூக்குற விளக்கைப் போடவான்னு கேட்டேன், அதுக்கும் பதில் இல்ல."

படகு ஓட்டுகிற அறையின் சுவரில் கோடாலி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதன் உருவத்துக்குப் பழைய சாயம் மட்டும் சுவரில் மிஞ்சியிருந்தது. கோடாலி தரையில் கிடந்தது. பிடியிலிருந்து தலைவரை நீலச் சாயம், வாயில் மட்டும் உரிந்து இரும்பு பளபளத்தது.

தம்பி அந்தக் கயிற்றின் வெட்டுவாயைக் கையால் தொட்டுப் பார்த்தான். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. நுரை காய்ந்து மேலுதட்டை இழுத்தது. இறக்கட்டுமா என்று ஒல்லி மறுபடி கேட்டான். அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து, மீசையிலிருந்த நுரையை அழுத்தித் துடைத்துவிட்டு, வலையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.